பதிமூன்றாவது சம்பளம்

எங்கள் அப்பாவுக்குக் கூலி அன்றைக்கே வேண்டும். காலையில் வாழைத்தார் வெட்டி, தலையில் சுமந்து வரப்போடு நடந்து லாரியில் ஏற்றினால், லாரி நகர்வதற்குள் கையில் காசு விழுந்துவிட வேண்டும். "நாளைக்கு வாரும்" என்று சொல்லும் வியாபாரியிடம் மறுநாள் வேலைக்கே போகமாட்டார். அதே கண்டிப்பு தன் மேலும் உண்டு. எங்கள் ஊர்ப் பலசரக்குக் கடையில் எங்கள் வீட்டுக்கு மட்டும் பற்றுக் கணக்கு கிடையாது. காசு இல்லாத அன்றைக்குக் கடைக்குப் போகாமல் இருந்துவிடுவோம். பாக்கி என்ற சொல்லை அப்பா வேறு வீட்டாரைப் பற்றித்தான் பயன்படுத்துவார்.

பாளையங்கோட்டையில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் எனக்கு வேலை கிடைத்தபோது அவருக்குப் புரியாமல் இருந்தது ஒன்றுதான். ஒரு மாதம் முழுக்க வேலை செய்துவிட்டு அடுத்த மாதம் அஞ்சாம் தேதி வரைக்கும் எதற்காகக் காத்திருக்க வேண்டும்?

"ஏட்டி, ஒரு மாசத் துட்டு முழுசும் அவன்கிட்டல்லா கெடக்கு. வட்டி குடுக்கானா?"

"எல்லாக் கம்பெனியிலயும் அப்படித்தான்ப்பா."

"எல்லாவனும் சேந்து செஞ்சா சரியாயிருமா?"

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான்தான். கல்லூரிக்கும் போனவள். அப்பா கையெழுத்துப் போடுவார். கல்விக்கடன் வாங்க வங்கிக்குப் போவதற்கு முந்தின வாரம், அம்மா பீடி சுற்றும் தட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் தாளை வைத்து நான் சொல்லிக்கொடுத்த கையெழுத்து அது. அதனால் இந்த மாதிரி விஷயங்களில் வீட்டில் கடைசி வார்த்தை என்னுடையதுதான் என்று எனக்கு ஒரு நினைப்பு. இப்போதும் உண்டு.

நான் வேலைக்குச் சேர்ந்தது ஆனித் தேரோட்டம் முடிந்த சமயம். அதற்குப் பிறகு வந்த இரண்டாவது மார்ச்சின் கடைசியில்தான் எல்லாம் ஆரம்பித்தது. ஆரம்பித்ததே ஒரு நல்ல காரியமாகத்தான்.

பங்குனி உத்திரத்துக்கு எங்கள் பக்கத்து ஆட்களை ஊரில் பிடிக்க முடியாது. அவரவர் குலதெய்வமான சாத்தா எந்தக் குளத்தங்கரையில், எந்தக் காட்டுக்குள் இருக்கிறாரோ அங்கே போய்ப் பொங்கலிட்டாக வேண்டும். வேன் பிடிக்க வேண்டும், அரிசி, வெல்லம், மாலை, புதுத்துணி. அந்த வருடம் உத்திரம் எங்கள் சம்பளத் தேதிக்கு முதல்நாள் வந்தது. எங்கள் முதலாளியை நாங்கள் சார் என்று கூப்பிடுவதில்லை, அண்ணாச்சிதான். அவர் அறைக்கு வெளியே வந்து நடு ஹாலில் நின்றார்.

"துட்டு இல்லாம சாத்தா மூஞ்சில எப்படிவே முழிப்பீங்க? இந்த மாசம் அஞ்சாந் தேதி வரைக்கும் வேண்டாம். மாசக் கடைசியிலேயே போட்டுருதேன். இனிமே எப்பவும் அப்படித்தான்."

கைதட்டினோம். என் பக்கத்து இருக்கை அக்கா விசிலே அடித்தாள். மார்ச் முடிவதற்குள் மார்ச் சம்பளம் வந்துவிட்டது. நான் அப்பாவுக்கு வேட்டியும் அம்மாவுக்குச் சேலையும் எடுத்து, வேனுக்கும் நானே கொடுத்தேன். சித்தப்பா வீட்டாரையும் ஏற்றிக்கொண்டு போனோம். வழியெல்லாம் அப்பா, "சம்பளம் முன்னாலயே வந்துட்டு, எம்மவ கம்பெனி அப்படி" என்று டிரைவரிடம் சொல்லிக்கொண்டே வந்தார். டிரைவர் கேட்கவே இல்லை.

ஜூலையில் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய உட்கார்ந்தேன். வீட்டில் மடிக்கணினியைத் திறந்து வைத்து, அம்மா பக்கத்தில் பீடி சுற்றிக்கொண்டிருக்க, நிதானமாக நிரப்பிக்கொண்டே போனேன். எனக்கு வரி வராது என்று தெரியும். அப்போது இருந்த வரம்புக்குச் சற்றுக் கீழேதான் என் சம்பளம். முடிவில் செலுத்த வேண்டிய தொகை என்ற இடத்தில் பதினேழாயிரத்துச் சொச்சம் வந்து நின்றது. திரும்பவும் நிரப்பினேன். திரும்பவும் அதே இடத்தில் அதே தொகை.

காரணம் புரிந்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வரிக்கணக்கின் வருடம் ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. முந்தின வருடத்து மார்ச் சம்பளம் வழக்கம்போல ஏப்ரல் அஞ்சாம் தேதி வந்து இந்த வருடக் கணக்கில் விழுந்திருந்தது. இந்த வருடத்து மார்ச் சம்பளமும் உத்திரத்துக்காக மார்ச்சிலேயே வந்து இதே கணக்கில் விழுந்துவிட்டது. ஆக ஒரே வருடத்தில் பதிமூன்று சம்பளம். அந்தப் பதிமூன்றாவது என்னை வரம்புக் கோட்டுக்கு மேலே தூக்கி வைத்துவிட்டது. அந்தக் கோட்டை ஒரு ரூபாய் தாண்டினாலும், அதுவரை தள்ளுபடியாக இருந்த வரி முழுவதும் உயிர் பெற்றுவிடும். எங்கள் கணக்குப் பிரிவு பன்னிரண்டு சம்பளத்துக்குக் கணக்குப் பார்த்து முடித்துவிட்டிருந்ததால் யாரிடமும் வரி பிடிக்கவில்லை.

"வரி பாக்கி வந்திருக்கும்மா" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். கைகால் கழுவிவிட்டு உள்ளே வந்த அப்பா காதில் அது விழுந்தது.

"யாருக்குப் பாக்கி?"

"அரசாங்கத்துக்கு."

"அரசாங்கத்துக்கே பாக்கி வச்சிருக்கியா நீ?"

"நான் வைக்கலப்பா. தானா வந்துட்டு."

"பாக்கி தானா வராது ஏட்டி. வச்சாத்தான் வரும்."

அம்மா கையிலிருந்த பீடியில் நூலைக் கட்டிக்கொண்டே, "நான் அன்னைக்கே சொன்னேன், முன்கூட்டித் துட்டு வாங்காதன்னு" என்றாள்.

"எப்பம்மா சொன்ன?"

"மனசுக்குள்ள சொன்னேன்."

விளக்கிப் பார்த்தேன். வாழைக்காய் மண்டியில் கணக்கு முடிக்கிற நாளை உதாரணமாக எடுத்துக்கொண்டேன். மறுநாள் வர வேண்டிய லோடு முதல்நாளே வந்துவிட்டால் பழைய கணக்கில்தானே சேரும் என்றேன். அப்பா தலையாட்டினார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"அப்போ அந்த லாரிக்காரனத்தான் கேக்கணும்."

"அண்ணாச்சி நல்லது நெனச்சுத்தான்ப்பா போட்டாங்க."

"நானும் நல்லவன்னுதான் சொல்லுதேன். இப்பம் எவ்வளவு கட்டணும், எப்பம் கட்டணும், அதச் சொல்லு."

மாதக் கடைசிக்குள் கட்ட வேண்டும். என்னிடம் அவ்வளவு இல்லை. சம்பளத்தில் கல்விக்கடன் தவணை போக மிஞ்சியதை உத்திரத்துக்கும் அதன் பிறகு வீட்டுக் கூரைக்கும் செலவழித்திருந்தேன். அப்பாவிடம் இருந்தது. அது இரும்புப் பெட்டியில் மஞ்சள் பைக்குள் இருப்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். ஆனால் அது தொடக்கூடாத பணம். ஆற்றுக்கு வடக்கே, கால்வாய் ஓரமாக ஒரு சின்ன வயலைக் குத்தகைக்குப் பிடித்து ஏத்தன் என்கிற நேந்திர வாழை போட வேண்டும் என்பது அப்பாவின் பல வருட நினைப்பு. விவரம் தெரிந்த நாள்முதல் அடுத்தவர் வாழையிலேயே தார் வெட்டியவர். அந்த வருடம் வயல்காரர் சம்மதித்திருந்தார். ஆடி முடிவதற்குள் முன்பணம் கொடுத்தால் ஆவணியில் கன்று வைக்கலாம். கொடுக்காவிட்டால் வயல் வேறு ஆளுக்குப் போய்விடும்.

"அதத் தொடாதீங்கப்பா. நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். "சரி ஏட்டி" என்றார். அவ்வளவு சீக்கிரம் சரி சொல்லும் அப்பாவை நம்பக்கூடாது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்து வேலை நேரத்தில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. ஒரு பெண் குரல். வருமான வரி அலுவலகத்திலிருந்து பேசுவதாகச் சொன்னது. நான் இருக்கையை விட்டு எழுந்து நின்றுவிட்டேன்.

"பயப்படாதீங்கம்மா. உங்க அப்பா வந்திருக்காங்க. மக பாக்கியக் கட்டணும்னு ஒரு பையில பணத்தோட உக்காந்திருக்காங்க. இங்க அப்படி வாங்க மாட்டோம்னு சொன்னா, ரசீது வேண்டாம், வாங்கிக்கோங்கன்னு சொல்றாங்க. நீங்க வந்து கூட்டிட்டுப் போனா நல்லது."

போனேன். விசிறிக்குக் கீழே ஒரு நாற்காலியில், நான் எடுத்துக் கொடுத்த உத்திரத்து வேட்டியைக் கட்டிக்கொண்டு, மடியில் மஞ்சள் பையை அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். யாரோ அவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் காவலாளியிடம், "இவதான், நான் சொன்னேம்லா" என்று காட்டினார். காவலாளி எழுந்து நின்று எனக்கு வணக்கம் வைத்தார். அப்பா என்ன சொல்லி வைத்திருந்தாரோ.

பேருந்தில் திரும்பும்போது கோபத்தில் நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். வண்ணார்பேட்டை தாண்டியதும் அவரே பேசினார்.

"வயலு எங்கயும் போயிராது மக்கா. பாக்கின்னா ராத்திரி உறக்கம் வர மாட்டேங்கு."

அந்தக் கோபத்தோடுதான் மறுநாள் மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் வருமான வரிச் சட்டத்தைத் திறந்தேன். சட்டத்து ஆங்கிலத்துக்கு முற்றுப்புள்ளி என்பதே தெரியாது. ஒரு வாக்கியம் ஆரம்பித்தால் சரக்கு ரயில் மாதிரி போய்க்கொண்டே இருக்கும், கடைசிப் பெட்டி வரும்போது இஞ்சின் மறந்துவிடும். சம்பளம் என்று வந்த பிரிவுகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். அடுத்த நாளும் படித்தேன். பக்கத்து இருக்கை அக்காவும் என்னைப் போலவே மாட்டியிருந்தாள். "கட்டித் தொலைச்சிருவோம்ளா, சாப்பிடு" என்றாள். எனக்குக் கட்ட மனமில்லை. பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு சம்பளம் வாங்கியவள் நான். எங்கேயோ ஒருத்தர் இதை யோசித்திருக்க வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

யோசித்திருந்தார். ஒரே நிதியாண்டில் பன்னிரண்டு மாதத்துக்கு மேற்பட்ட சம்பளம் ஒருவர் கையில் வந்து, அதனால் அவருக்கு வரி கூடிப்போனால், அவர் நிவாரணம் கேட்கலாம். நீளமான ஒரு வாக்கியத்தின் நடுவில் அது இருந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. எனக்கு முன்னால் எந்த ஊரிலோ யாரோ பதிமூன்று சம்பளம் வாங்கித் திண்டாடி, யாரிடமோ போய் நின்றிருக்க வேண்டும். கூடுதலாக வந்த சம்பளத்தை, அது எந்த வருடத்துக்கு உரியதோ அந்த வருடத்தில் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும். முந்தின வருடம் நான் பாதியில் வேலைக்குச் சேர்ந்தவள். அந்தப் பழைய மார்ச் சம்பளத்தை அங்கே கொண்டுபோய் வைத்தால் அந்த வருடமும் கோட்டைத் தொடாது, இந்த வருடமும் தொடாது.

நிறுவனத்தின் ஆடிட்டரிடம் போனில் கேட்டேன். "கேக்கலாம்மா. சாதாரணமா யாரும் கேக்கறதில்ல. யார் சொன்னா உங்களுக்கு?" என்றார்.

"நானே படிச்சேன்" என்றேன். அதைச் சொல்வதற்காகவே அவருக்குப் போன் செய்தேனோ என்று பிறகு தோன்றியது.

அதற்கான விண்ணப்பத்தை முதலில் அனுப்பிவிட்டுக் கணக்கைத் தாக்கல் செய்தேன். அக்காவுக்கும் போட்டுக் கொடுத்தேன். என்னோடு வேலைக்குச் சேர்ந்தவள் என்பதால் அவளுக்கும் தீர்ந்தது. அலுவலகத்தில் இன்னொருவர் பல வருடம் வேலை பார்த்தவர், முந்தின வருடமும் பன்னிரண்டு சம்பளம் வாங்கியிருந்ததால் அவருக்கு ஒன்றும் குறையவில்லை, கட்டினார். அண்ணாச்சி இரண்டு நாள் எங்கள் முகத்தைப் பார்க்கவே கூச்சப்பட்டுக்கொண்டு திரிந்தார்.

வீட்டில்தான் சிக்கல். அரசாங்கம் சரி என்று எழுதித் தர மாதங்கள் ஆகும். ஆடி முடியப் போகிறது. அரசாங்கத்துப் பதில் வரும்வரை மஞ்சள் பையை அவிழ்க்கமாட்டேன் என்றார் அப்பா.

"நீ படிச்சது தப்பா இருந்துச்சுன்னா?"

அந்தக் கேள்வி எனக்கு நன்றாக வலித்தது. அத்தனை வருடம் என்னைப் படிக்க வைத்தவர் கேட்கிறார்.

"தப்பில்லப்பா."

"எங்கன எழுதியிருக்கு? வாசி, கேப்போம்."

"இங்கிலீஷ்ப்பா."

"இருக்கட்டும். வாசி."

வாசித்தேன். அம்மாவும் பீடித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள். அந்த நீளமான வாக்கியத்தை இஞ்சினிலிருந்து கடைசிப் பெட்டி வரைக்கும், மூச்சு விடாமல் வாசித்தேன். அப்பா சுவரில் சாய்ந்து, ஒரு சொல்லும் புரியாமல், என் வாயையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"இன்னொரு மட்டம் வாசி."

இரண்டாவது முறையும் வாசித்தேன். முடித்ததும் எழுந்து இரும்புப் பெட்டியைத் திறந்தார்.

"ஒரு தடங்கல் இல்லாம வாசிக்கியே. அப்போ சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வயல்காரர் வீட்டுக்குப் போனார்.

வரித்துறையிடமிருந்து பதில் வந்தபோது கன்றுகள் என் முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தன. ஞாயிற்றுக்கிழமை. நான் வயலுக்கே போனேன். அப்பா வாய்க்காலை வெட்டி விட்டுக்கொண்டிருந்தார். செலுத்த வேண்டியது ஒன்றுமில்லை என்று வந்திருப்பதைச் சொன்னேன். மண்வெட்டியை ஊன்றி நின்று கேட்டார். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் முகம் கொஞ்சம் தொங்கிவிட்டது.

"அப்போ நீ வரியே கட்டலயா?"

"கட்ட வேண்டியதே இல்லப்பா. பாக்கி கிடையாது."

"அது சரிதான்." தண்ணீரை அடுத்த பாத்திக்குத் திருப்பிவிட்டார். "மண்டியில எல்லாவன்ட்டயும் சொல்லிட்டேன், எம்மவ வருமான வரி கட்டுதான்னு. வியாபாரி அண்ணாச்சியே எந்திரிச்சு நாற்காலி போட்டாரு."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவருக்கும்தான். சிரித்து முடித்து மண்வெட்டியை எடுத்தவர், வாய்க்காலைப் பார்த்தபடியே கேட்டார்.

"அடுத்த வருசமாவது கட்டுவியா மக்கா?"