பாரிஸ் அண்ணருக்கு ஒரு பெட்டி, ரொறன்ரோத் தங்கைக்கு ஒரு பெட்டி

கம்பியூட்டரில் கலியாண அழைப்பிதழும் செத்தவீட்டுக் கல்வெட்டும் அடித்துச் சீவிக்கிறவனை மெசின் கைவிட்டாலும், "புதுசு வாங்கன்" என்று புத்தி சொல்கிற சனம் கைவிடாது. இந்தத் தொழிலில் கிடந்து மாரடிக்கிறவர்களே, உங்களுக்கு இது தெரியும். மற்றவர்கள் நம்பினால் நம்புங்கள்.

பாரமில்லாத மெசின்

என் மடிக்கணினி லண்டனில் இருக்கும் மகள் அனுப்பியது. ஒரு பள்ளிக்கூடக் கொப்பியின் பாரம்தான் இருக்கும். சோளகக் காற்று கிளம்பிய ஒரு நாள் யன்னலைத் திறந்து வைத்துவிட்டேன். காற்று அதை அப்படியே தூக்கிக்கொண்டு போய் ஊர்காவற்றுறை இறங்குதுறைக்கு மேலாலே ஒரு சுற்றுச் சுற்றியது. வள்ளத்தில் நின்ற மரியதாஸ் வீச்சுவலை எறிந்து பிடித்தான். திரையில் நான் பாதி அடித்த மாப்பிள்ளையின் பெயர் ஓர் எழுத்தும் கலையாமல் நின்றது. சாரத்தில் துடைத்துக் கொண்டுவந்து தந்தவன் சொன்னான்:

"அண்ணை, இனி நங்கூரம் போட்டிட்டுத் தட்டுங்கோ. எனக்கு மீன் பிடிக்கிற வேலையும் கிடக்கு."

பெட்டிக்குள்ளே மென்பொருள்

இவ்வளவு மெலிந்த மெசினில் கண்டதையும் போட்டு நிரப்ப ஏலாது. ஆகவே லினக்ஸ் மட்டும் வைத்தேன். மற்ற மென்பொருள் எல்லாம், செய்தவர்களே உள்ளே எழுதியிருப்பதைத் திறந்து காட்டி, 'எடுத்துப் பாவியுங்கோ' என்று தந்தவை. ஒவ்வொன்றும் தனித்தனிப் பெட்டிக்குள் ஓடும். கொன்ரெயினர் என்பார்கள். அதற்கு வேண்டிய எழுத்துரு முதற்கொண்டு எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளேயே. ஒன்று குழம்பினால் அதை மட்டும் அழித்துவிட்டு அதே மாதிரி இன்னொன்றை எழுப்பலாம். பக்கத்துப் பெட்டிக்குத் தெரியவே வராது.

அனலைதீவு ரீச்சர் ஒருத்தி வள்ளத்தில் பென்டிரைவ் கொண்டுவந்தா. உள்ளே வைரஸ். ஒரு பெட்டிக்குள் வைத்துத் திறந்தேன். வைரஸ் மூலைக்கு மூலை ஓடியது. கடிக்க ஒன்றுமில்லை, வெளியேற வாசலுமில்லை. மத்தியானமளவில் களைத்துப்போய்ப் படுத்துவிட்டது. பெட்டியோடு சேர்த்து அழித்தேன். ரீச்சர் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டா:

"பாவம் ஐயா, அது ஒண்டும் சாப்பிடாமலே போட்டுதோ?"

அறை

நான் இருக்கும் அறை கடற்றொழிலாளர் சங்கத்துடையது. சங்கச் செயலாளர் சபாரத்தினம் பள்ளிக்கூடத்தில் என் பக்கத்து வாங்கில் இருந்தவர். அன்றிலிருந்து இன்றுவரை இருவரும் ஒன்றிலும் ஒத்துப்போனதில்லை. ஒருநாள் வந்து, ரவுணிலிருந்து பட்டணத்துக்காரன் ஒருவன் அறையைக் கேட்கிறான், அலுமாரி அளவு மெசின் வைத்திருக்கிறான் என்றார். இந்தப் பெட்டி விளையாட்டை விட்டுவிட்டு எல்லாரும் பாவிக்கிற மென்பொருளை நானும் போடாவிட்டால், சங்கக் கூட்டத்தில் அறை அவனுக்குப் போகுமாம்.

அறை போனால் நான் போக வேறு இடமில்லை. பகலில் என்னை வீட்டில் வைத்திருக்க ஏலாது என்று மனுசி எப்போதோ அறிவித்துவிட்டா. இருந்தும் சொன்னேன்: "எல்லாரும் பாவிக்கிறது களவெடுத்துப் பதிஞ்சது. என்ரை மெசினுக்குள்ளை களவுச் சாமான் வராது." அவர் விட்டாரா?

"ஊர் முழுக்கக் களவாய்த்தான் பாவிக்குது. உமக்கு மட்டும் என்ன, தலையைச் சுத்தி ஒளிவட்டமோ?"

கல்வெட்டு

அந்த நேரம் பார்த்துச் சபாரத்தினத்தின் தாயார் காலமானா. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களின் கையில் கல்வெட்டு, அதுதான் நினைவுப் புத்தகம், கொடுக்காவிட்டால் எங்கள் பக்கத்தில் அது குறையாகிவிடும். வேலையை அவர் ரவுண்காரனிடம் கொடுத்தார்.

அவருடைய பாரிஸ் அண்ணர் வம்சாவளி அடித்து அனுப்பியிருந்தார். ரொறன்ரோத் தங்கை புலம்பல். இரண்டும் அவரவர் நாட்டை விட்டுப் போன காலத்து எழுத்துருவில். எழுத்துருவின் பெயர் ஒன்று, உள்ளே எழுத்து வரிசை வேறு; ஒரு மெசினில் ஒன்றுதான் நிற்கும். அலுமாரி மெசினில் அண்ணரின் எழுத்துருவைப் போட்டால் தங்கையின் புலம்பல் புள்ளியும் கோடுமாகும். தங்கையினதைப் போட்டால் வம்சமே அழியும். அந்தியேட்டிக்கு முதல்நாள் சபாரத்தினம் பென்டிரைவோடு என் வாசலில் நின்றார்.

கதிரையைக் காட்டினேன். ஒரு பெட்டியில் அண்ணரைத் திறந்தேன், இன்னொன்றில் தங்கையை. அவரவர் எழுத்துரு அவரவர் பெட்டிக்குள், சண்டைக்கு வழியில்லை. இரண்டு பெட்டியிலும் நல்ல தமிழ் வந்தது. ஒரே புத்தகமாகச் சேர்த்து அச்சிட்டுத் தைத்தேன். அறையைப் பற்றி நான் கேட்கவில்லை. வேண்டுமென்றால் அவர் கதைக்கட்டும். அவர் புலம்பலை இரண்டு தரம் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"அம்மா கடைசியாய்ச் சொன்னது என்ரை பேரை. தங்கச்சி தன்ரை பேரெண்டு எழுதியிருக்கிறாள். உம்மடை பெட்டி அதைத் திருத்துமோ?"

திருத்தாது என்றேன்.

கூட்டம்

ரவுண்காரனும் மடிப்புக் கலையாத சேட்டோடு வந்திருந்தான். நான் எழும்பிச் சொன்னேன்: "பெட்டியளை விடமாட்டன். அறை வேணுமெண்டால் கதிரையோடை என்னைத் தூக்கி வெளியிலை வையுங்கோ." ஒருவரும் அசையவில்லை. எல்லாரும் சபாரத்தினத்தைப் பார்த்தார்கள். என்னைப் புகழ்ந்து ஒரு சொல் வந்திருந்தால் எனக்கே சந்தேகம் வந்திருக்கும். அவர் தொண்டையைச் செருமினார்.

"என்ரை மாமிக்கும் வயசு தொண்ணூறைத் தாண்டீட்டுது. பிள்ளையள் ஏழு தேசத்திலை, கல்வெட்டுக்கு ஏழு எழுத்துரு வரும். அறை இந்த ஆளிட்டையே கிடக்கட்டும்."

ஆகவே, என் தொழில் இப்போது நான் கண்ணாலும் காணாத ஒரு மாமியின் மூச்சில் தொங்குகிறது. அவ நூறையும் தாண்டி இருக்கட்டும், அதுவரை நான் ஒரு பெட்டியையும் அழிக்கப்போவதில்லை, ஒளிவட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் களவுச் சாமான் ஒன்றையும் உள்ளே விடப்போவதுமில்லை.