திரை இருண்ட செவ்வாய்க்கிழமை

அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்குக் கூண்டக்கா என்று பெயர். பத்தொன்பது வருஷமாகக் குரங்குக் கூண்டுகளைக் கழுவி, தீனி வைத்து, தினமும் எடை பார்த்து நோட்டில் எழுதுகிறவள். எந்தக் குரங்கு எதற்குச் சிணுங்கும், எது எப்போது கடிக்க வரும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. கோபமும் வரும். வந்தால் லேசில் இறங்காது.

அந்த வருஷத்துக் கோபம் தொப்பிக்காரனை வைத்து வந்தது. தொப்பிக்காரன் ஏழு வயதுக் குரங்கு. தலைமுடியைவிட மெல்லிய கம்பியை மூளைக்குள் இறக்குவதற்காக அவன் மண்டையில் உலோக மூடி ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். பெயர் அப்படி வந்தது. காலையில் அவனை நாற்காலியில் உட்கார வைத்து எதிரே திரையில் படம் காட்டுவார்கள். சிவப்பு வட்டம் வந்தால் வாய்க்கு நேரே உள்ள குழாயில் பழச்சாறு தாராளமாக வரும். நீலக் கட்டம் வந்தால் ஒரே ஒரு சொட்டு. மூளை செல் துடிக்கும்போதெல்லாம் ஒலிபெருக்கியில் படபடவென்று பொரிகிற சத்தம் கேட்கும். படத்தைப் பார்த்ததும் செல் எப்படித் துடிக்கிறது, எவ்வளவு சாறு வரப்போகிறது என்று அதற்குத் தெரிகிறதா என்பதுதான் ஆராய்ச்சி. சாற்றுக்கு ஆசைப்பட்டு வேலை செய்ய வேண்டுமே, அதனால் வேலை நாட்களில் கூண்டில் தண்ணீர் கிடையாது. நாக்கு வறண்டுதான் வருவான்.

முதல் மாசமே கூண்டக்கா ஒன்றைக் கவனித்துவிட்டாள். படம் வருவதற்கு முன்னாலேயே தொப்பிக்காரன் உதட்டைக் குவித்தான். சாறு கொட்டியது. அடுத்த முறை குவிக்கவில்லை. ஒரு சொட்டுதான் வந்தது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். நாற்காலிக்குப் பின்னால் இருந்த சாற்றுப் பெட்டியில் இரண்டு வால்வுகள். படம் வருவதற்குச் சற்று முன்பே எந்த வால்வு என்று பெட்டி முடிவு செய்துகொள்ளும். பெரியதற்கு 'டொக்'. சின்னதற்கு 'டிக்'.

நேரே ஆராய்ச்சியாளரிடம் போனாள். அவளைவிடப் பத்து வயது சின்னவர்.

"தம்பி, அவன் படத்துக்காகக் காத்திருக்கல. பெட்டி சத்தத்தைக் கேட்டே தெரிஞ்சுக்கிறான்."

அவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. "அக்கா, நீங்க கூண்டைப் பாருங்க. மூளையை நான் பாத்துக்கிறேன்."

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். மூன்றாவது தடவை அவர் கதவைச் சாத்திக்கொண்டார். பதினோரு மாசம் இப்படியே ஓடியது. ஒன்பது கிலோ இருந்த தொப்பிக்காரன் எட்டேகாலுக்கு வந்தான். அவள் ஒவ்வொரு எடையையும் சிவப்பு மையில் எழுதி வைத்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல், கூடத்தின் இயக்குநர் அம்மா வேலையைப் பார்க்க வந்திருந்தார். ஆராய்ச்சியாளர் பெருமையாக விளக்கிக்கொண்டிருக்கும்போது வயர் கழன்று திரை அணைந்துபோனது. மற்றதெல்லாம் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. 'டொக்.' ஒலிபெருக்கி படபடவென்று பொரிந்தது. 'டிக்.' ஒலிபெருக்கி லேசாக முனகியதோடு சரி. மறுபடி 'டொக்.' மறுபடி பொரிந்தது.

கூண்டக்கா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"தம்பி, இப்ப அவன் எந்தப் படத்தைப் பாக்குறான்?"

ஆராய்ச்சியாளருக்கு முகம் வெளிறிவிட்டது. இயக்குநர் அம்மா பெட்டியைப் பார்த்தார், குரங்கைப் பார்த்தார்.

அந்த வாரமே பெட்டியைப் பக்கத்து அறைக்கு மாற்றி நீளக் குழாய் போட்டார்கள். படம் வருமுன் செல்கள் துடிப்பது நின்றுபோனது. அதுவரை எடுத்த அளவுகளில் எது படத்துக்கு, எது சத்தத்துக்கு என்று பிரிக்கவே வழியில்லை. அத்தனையும் குப்பைக்குப் போனது.

"நல்லவேளை அக்கா, கட்டுரை அச்சுக்குப் போறதுக்குள்ள கண்டுபிடிச்சிட்டோம்" என்றார் ஆராய்ச்சியாளர். "தொப்பிக்காரனுக்கு வேலை பழகிடுச்சு. அவனை வச்சே முதல்ல இருந்து ஆரம்பிச்சிடலாம்."

"கண்டுபிடிச்சிட்டோமா?" அவள் குரலை உயர்த்தினாள். "உங்க கட்டுரையைத் திரும்ப எழுதிக்கலாம். நாக்கு வறண்டு அவன் உக்காந்த பதினோரு மாசத்தை யாரு திருப்பித் தருவா? பெட்டியை அன்னைக்கே நகர்த்தியிருந்தா அரை நாள் வேலை தம்பி!"

"சத்தம் போடாதீங்க அக்கா."

"சத்தத்தைக் கேட்டிருந்தா இந்தக் கதியே வந்திருக்காது!"

எடை நோட்டை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று மாடியேறினாள். இயக்குநர் அம்மாவின் மேஜையில் பொத்தென்று வைத்தாள். "அவனை இனிமே அந்த நாற்காலியில உக்கார வைக்க விடமாட்டேன். வேணும்னா என்னை வேலையை விட்டுத் தூக்குங்க."

அவர் நோட்டைக் கடைசிவரை புரட்டினார். இரண்டு வாரத்தில் தொப்பிக்காரனுக்கு ஓய்வு கொடுத்து, பின்பக்கத் திறந்தவெளிக் கூண்டுக்கு அனுப்பினார்கள். அங்கே எந்நேரமும் தண்ணீர் உண்டு. முதல் நாள் தொட்டியில் வாயை வைத்தவன் எடுக்கவே இல்லை. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடியே நின்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம், பஸ் ஓட்டுகிற அவள் புருஷன் கேட்டான்: "அதான் உன் பேச்சு எடுபட்டுச்சே. இன்னும் ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க?"

"என் பேச்சா எடுபட்டுச்சு? நான் மூணு தடவை சொன்னேன், ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. ஒரு வயரு கழண்டுச்சு, உடனே எல்லாரும் கேட்டாங்க. பத்தொன்பது வருஷமா இருக்கேன், ஒரு வயருக்கு இருக்கிற மரியாதை எனக்கில்ல."

அடுத்த வாரம் நாற்காலிக்கு ஒரு புதுக் குரங்கு வந்தது. கூண்டக்கா அதன் எடையைப் பார்த்து, புது நோட்டில் முதல் வரியை எழுதினாள்.