துடுப்பு இல்லாத கொழுக்கி

தண்ணியில போற ஆக்களை விட, கரையில நிண்டு அவையைப் பாத்துக்கொண்டு இருக்கிறவளுக்குத்தான் கூட மூச்சு முட்டும். வள்ளம் வாடகைக்கு விடுற தொழில் எண்டால் இதுதான்.

சனத்தோட மாரடிக்கிற வேலையில இருக்கிற என்ர சகோதர சகோதரிகளே, உங்களுக்கு இதை விரிச்சுச் சொல்லத் தேவையில்லை. கிழமை நாளில நான் மிசிசாகாவில ஒரு ஒஃபிசில ஏசிக் குளிருக்கை கிடக்கிறன். கோடை வந்தால் சனி ஞாயிறு ரெக்ஸ்டேலில இருந்து விடியவே வெளிக்கிட்டு, வடக்கால கார் ஓடி, மலைப்பக்கத்தில அணை கட்டித் தேக்கின ஒரு ஏரிக்குப் போவன். அங்க பிரையன் எண்ட வெள்ளைக்காரன்ர கொட்டிலில எனக்கு வேலை. கனூ, கயாக் எண்ட துடுப்பு வள்ளங்கள், லைஃப் ஜக்கெட், படுக்கக் கூடாரமாப் போடுற ரென்ற் எல்லாம் வாடகைக்குக் குடுக்கிறம். மலை எண்டவுடன நுவரெலியாவை நினைச்சுக்கொண்டு வாற எங்கட சனம், காரால இறங்கினதும் "மலை எங்க பிள்ளை?" எண்டு கேக்கும். நீங்கள் நிக்கிறதே மலையிலதான் எண்டு சொன்னால் நம்பாது.

தமிழ் ஆக்கள் கூட வரத் தொடங்கின பிறகு பிரையன் என்னை வேலைக்குப் பிடிச்சுப் போட்டான். நான் மட்டக்களப்பு வாவிக்கரையில பிறந்தவள். யாழ்ப்பாணத்து மனிசனைக் கட்டினதில என்ர தமிழ் கலவையாப் போச்சு, ஆனால் தண்ணியில இருந்த பயம் மாறேல்லை. பயந்த ஆள்தான் கரையில நிக்கவேணும் எண்டு பிரையன் சொல்லுவான். கொட்டில் சுவரில ஒவ்வொரு வள்ளத்துக்கும் ஒரு கொழுக்கி இருக்கு. வள்ளம் திரும்பி வந்தால் துடுப்புச் சோடி அதில தொங்கும், வராட்டில் கொழுக்கி வெறுமையா நிக்கும். பின்னேரம் கதவு பூட்டேக்க ஒரு கொழுக்கியும் வெறுமையா இருக்கக் கூடாது. போன சனம் எல்லாம் உயிரோட திரும்ப வேணும், என்ர வேலை அவ்வளவுதான்.

மாமிக்கு முதுகு

கனூவில ரெண்டு பேர் போனால் ரெண்டு பேரும் ஒரே பக்கம் பாத்துக்கொண்டு இருக்கவேணும். இதை நான் கரையிலயே இருத்திக் காட்டித்தான் அனுப்புவன். ஒரு நாள் ஒரு மருமகனும் மாமியாரும் போனவை, மருமகன் முன்னுக்கு, மாமியார் பின்னுக்கு. மகளுக்குத் தண்ணியைக் கண்டால் தலை சுத்துமாம், அவ கரையில நிண்டு வீடியோ எடுத்தா. கொஞ்சத் தூரம் போனதும் மருமகன் வள்ளத்துக்கை எழும்பி நிண்டார். நிண்டபடியே மற்றப் பக்கம் திரும்பி, மாமியாரின்ர முகத்தைப் பாத்துக்கொண்டு இருந்தார். அவர் எழும்பி இருக்கிறதுக்கிடையில வள்ளம் ரெண்டு பக்கமும் சரிஞ்சு தண்ணி அள்ளினது.

பிறகு ரெண்டு பேரும் முன்னுக்கு எண்டு வலிச்சினம். அவற்ர முன்னுக்கு மாமியாருக்குப் பின்னுக்கு. வள்ளம் நிண்ட இடத்திலயே சுத்திச்சுது, காத்து அதைக் கட்டைப் பக்கம் தள்ளிக்கொண்டு போச்சு. இந்த ஏரிக்கு அடியில முந்தி ஒரு காடு இருந்தது. அணை கட்டேக்க வெட்டின மரங்களின்ர அடிக்கட்டை இப்பவும் தண்ணிக்குக் கீழ கூர் கூரா நிக்குது, அதில முட்டினால் வள்ளம் பிரளும். "எழும்பாதேங்கோ, அப்பிடியே இருங்கோ" எண்டு கத்திக் கத்தி என்ர தொண்டை அடைச்சுப் போச்சு. கடைசியில ரிஸ்வான்தான் மோட்டர் போட்டில போய்க் கட்டி இழுத்துக்கொண்டு வந்தான். ரிஸ்வான் மூதூர்க்காரன், கிழமை நாளில பிளம்பர், பிள்ளை குட்டிக்காரன், தண்ணியில எனக்கு வலக்கை. மாமியார் நடுங்கிக்கொண்டு கரையில ஏறினா. ஏன் ராசா திரும்பினனீங்கள் எண்டு மருமகனைக் கேட்டன். அவர் சரியான மரியாதையாச் சொன்னார்: "மாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எப்பிடி அக்கா அவ்வளவு தூரம் போறது?"

ரென்ற் வாடகை

காம்பிங் வாற ஆக்களுக்கு நான் தலை தலையா அடிச்சுச் சொல்லுற ஒண்டு, சாப்பாட்டை ரென்ற்றுக்கை வைக்கக் கூடாது எண்டது. மணத்துக்குக் கரடி வரும். எல்லாத்தையும் காருக்கை வைச்சுப் பூட்டுங்கோ எண்டுவன். ஓம் ஓம் எண்டுவினம். ஒருநாள் காலமை நான் ரென்ற் பக்கம் நடந்து போக, ஒரு கறுப்புக் கரடி, ரென்ற்றின்ர பின்பக்கத்தைக் கிழிச்சுத் தலையை உள்ளுக்கை விட்டபடி நிக்குது. அந்த ரென்ற்றில ஒரு பெரிய குடும்பம் தங்கினது எனக்குத் தெரியும்.

கொஞ்சம் தள்ளிக் குழாயடியில ஒரு அன்ரியும் பிள்ளையளும் பல்லு மினுக்கிக்கொண்டு நிண்டினம். உள்ளுக்கை ஆரும் படுத்திருக்கினமோ எண்டு கேக்க எனக்கு வாய் வரேல்லை, கையைத்தான் காட்டினன். அன்ரி வாயில நுரையோட தன்ர ஆக்களை விரல் மடிச்சு எண்ணினா. நடுவில ஒருக்காப் பிழைச்சுத் திருப்பி எண்ணினா. எண்ணி முடிச்சுத் தலையை ஆட்டினா. எல்லாரும் வெளியில. பிரையன் கார் ஹோர்ணை விடாமல் அடிக்கக் கரடி ஆறுதலாத் தலையை எடுத்துக் காட்டுக்கை போச்சு. உள்ளுக்கை பாத்தால் ஆட்டிறைச்சிக் கறிச் சட்டி, நக்கித் துடைச்சுக் கிடக்குது. காருக்கை வைக்கச் சொன்னனான்தானே எண்டு நான் பாய, அன்ரி வாயைக் கொப்பளிச்சுப் போட்டுச் சொன்னா: "கறி மணம் பிறகு போகாது பிள்ளை. கார் எங்கட, ரென்ற் வாடகைதானே."

பிரையன் படிச்ச சொல்

எங்கட ஆக்கள் வள்ளத்தில ஏறித் துடுப்பைப் போட்டதும் என்னைப் பாத்து ஒரு சொல்லுச் சொல்லுவினம்: "வாறம் அக்கா." ஒருதரும் போறம் எண்டு சொல்லுறேல்லை. வீட்டில இருந்து வெளிக்கிட்டாலும் போட்டு வாறம், கடையில இருந்து வெளிக்கிட்டாலும் வாறம். செத்தவீட்டில இருந்து மட்டும்தான் வாய் திறக்காமல் வெளிக்கிடுறது. பிரையன் இதைக் கனநாளாக் கேட்டுக்கொண்டிருந்து, என்ன உது எண்டு கேட்டான். வாறம் எண்டால் நாங்கள் வருவம் எண்டு அர்த்தம், வெளிக்கிடேக்க சொல்லுறது எண்டு விளங்கப்படுத்தினன். அவனுக்குச் சரியான புழுகம், முகமெல்லாம் சிரிப்பு. அண்டைக்கு முழுக்க வாற போற தமிழ் ஆக்களுக்கெல்லாம் "வாறம், வாறம்" எண்டு கையாட்டினான். பிறகு ரிஸ்வானைக் கூப்பிட்டு இங்கிலீசில சொன்னான்: "பார், இவை திரும்பி வருவம் எண்டு சத்தியம் பண்ணிப்போட்டுத்தான் தண்ணியில இறங்குகினம், எங்கட ஆக்கள் சும்மா 'பை' எண்டிட்டுப் போகுதுகள்."

சரி தம்பி, அப்ப வாறம்

போன கோடையில ஒருநாள் மத்தியானம் தாண்ட வடக்கு வானம் கறுத்துது. அணையில இருந்து ஃபோன் வந்தது. மேல பெரிய மழை, கதவு திறக்கப்போறம், வள்ளத்தையெல்லாம் எடுங்கோ எண்டு சொன்னாங்கள். கதவு திறந்தால் மேலால பாக்க ஏரி சும்மா கிடக்கிற மாதிரித்தான் இருக்கும், அடியால இழுக்கும். அதுக்காகத்தான் அணைக்கு முன்னால ஒரேஞ் நிற மிதவை உருண்டையளைக் கோத்து, இந்தக் கரையில இருந்து அந்தக் கரைக்குக் கட்டியிருக்கு. அதுக்குக் கிட்ட ஒருதரும் போகக் கூடாது.

ரிஸ்வான் மோட்டர் போட்டில ஒவ்வொரு வள்ளமாப் போய்ச் சொன்னான். ஒண்டொண்டா வந்து சேர, நான் துடுப்புகளைக் கொழுக்கியில மாட்டினன். ஒரு கொழுக்கி மட்டும் வெறுமை. குணம் அங்கிளும் ராணி அன்ரியும். சென் ஜேம்ஸ் ரவுணில ஒரு சின்ன அப்பார்ட்மென்றில சீவியம் தொடங்கி, ரெண்டு வேலை செய்து பிள்ளையளை ஆளாக்கினவை. அண்டைக்கு அவையின்ர கலியாண நாள், மகள் துஷாதான் வள்ளம் புக் பண்ணினவள். கேக்கோட கரையில காத்துக்கொண்டு நிக்கிறாள். ரிஸ்வான் வோக்கி-ரோக்கியில சொன்னான்: "அவங்களுக்கும் சொல்லிட்டன் அக்கா. வாறம் எண்டுட்டாங்க." நான் துஷாவிட்டை, அம்மா அப்பா வருகினம் எண்டு சொன்னன்.

வரேல்லை. காத்து எழும்பினது, ஏரி கறுத்துது, ரிஸ்வானும் கரைக்கு வந்திட்டான். துஷா என்ர கையைப் பிடிச்சாள். "அக்கா, தே செட் தேர் கமிங், ரைட்? வாறம் எண்டு சொன்னவைதானே?" ரிஸ்வானைப் பிடிச்சு, அங்கிள் சொன்னதை அப்பிடியே சொல்லு, ஒரு சொல்லும் விடாதை எண்டன். "நான் எஞ்சினை நிப்பாட்டல்ல அக்கா. கேட் திறக்கிறாங்க, திரும்புங்க எண்டு கத்தினன். அங்கிள் சிரிச்சுக் கையைக் காட்டி, சரி தம்பி, அப்ப வாறம் எண்டார்." அந்த 'அப்ப'வில எனக்கு விசயம் விளங்கினது. கூப்பிட்டதுக்கு மறுமொழி சொல்லுற ஆள் 'இந்தா வாறம்' எண்டுதான் சொல்லும். 'அப்ப வாறம்' எண்டது படலையடியில நிண்டு விடைபெறுகிற சொல்லு. எஞ்சின் சத்தத்தில மனிசனுக்கு ஒண்டும் கேக்கேல்லை. ஆரோ தம்பி சுகம் விசாரிக்கிறான் எண்டு நினைச்சு, மரியாதையா விடைபெற்று மற்றப் பக்கம் வலிச்சுக்கொண்டு போட்டார். பிரையன் போயிருந்தால் தமிழ் விளங்காமல் கட்டி இழுத்துக்கொண்டே வந்திருப்பான். தமிழ் தெரிஞ்ச எங்களுக்குத்தான் இந்தப் பிழை விடத் தெரியும். நான் பிரையனுக்கு விசயத்தைச் சொன்னன். அவன் கேட்டான்: "வாறம் எண்டால் வாறது எண்டுதானே நீ எனக்குச் சொன்னனீ?"

ஒரேஞ் உருண்டை

பிரையன் கதவைத் திறக்க வேண்டாம் எண்டு சொல்ல அணைக்கு ஃபோன் எடுக்க, நானும் ரிஸ்வானும் மோட்டர் போட்டில பாஞ்சு ஏறினம். நடு ஏரியிலயே சைரன் கேட்டுது, கதவு திறபடத் தொடங்கியிட்டுது. ரிஸ்வான் வாய்க்குள்ள ஓதிக்கொண்டு வந்தான், நான் எங்கட ஊர் மாமாங்கப் பிள்ளையாரைக் கூப்பிட்டன். எனக்குக் கண்ணுக்கு முன்னால நிண்டது துஷாவின்ர கையில இருந்த கேக்.

அவை உருண்டைக் கோவையிலதான் நிண்டினம். அங்கிள் வள்ளத்தின்ர கயித்தை ஒரு உருண்டையில கட்டியிருக்கிறார். தண்ணி இழுத்த இழுவைக்கு வள்ளம் கோவையில குறுக்கால ஒட்டி, ஒரு பக்கம் சரிஞ்சு நிக்குது. அங்கிள் உருண்டையைக் கட்டிப்பிடிச்சபடி, அன்ரியின்ர மடியில சாப்பிடக் கொண்டுபோன ரோல்ஸ் பெட்டி. அன்ரிக்கு ஜக்கெட் நான் போட்டு விட்டது அப்பிடியே இருக்கு. அங்கிள் தன்ரயைக் கழட்டி, மெத்தையா மடிச்சு அதுக்கு மேல இருக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு, உயிரோட இருந்தால் இந்த மனிசனை நானே தள்ளி விடுவன் எண்டு நினைச்சன்.

கிட்டப் போனால் எங்கட புரொப்பெல்லர் கோவையில சிக்கும். ரிஸ்வான் கயிறு எறிஞ்சான். "அங்கிள், முதல்ல ஜக்கெட்டைப் போடுங்கோ" எண்டு கத்தினன். "கையை விட்டால் வள்ளம் பிரளும் பிள்ளை" எண்டார். அவர் சொன்னதும் சரிதான். அன்ரி ஒண்டும் கதைக்கேல்லை. ரோல்ஸ் பெட்டியைத் தண்ணியில விட்டிட்டு, முழங்காலில குனிஞ்சு, அவருக்குக் கீழ கிடந்த ஜக்கெட்டை உருவி எடுத்து அவற்ர கழுத்தால போட்டுக் கொக்கியை மாட்டினா. பிறகு எங்கட கயித்தைப் பிடிச்சுத் தங்கட வள்ளத்தில கட்டினா. அங்கிள் போட்ட முடிச்சு இழுவையில இறுகிப் போச்சு, அவிழ்க்க ஏலாது. ரிஸ்வான் இன்னொரு கயித்தில கத்தியைக் கட்டி அனுப்ப, அன்ரிதான் அறுத்தா. வள்ளம் துள்ளிச்சுது, எங்கட எஞ்சின் இரைஞ்சு திணறிச்சுது, கொஞ்ச நேரம் நாங்கள் முன்னுக்கும் போகேல்லை, பின்னுக்கும் போகேல்லை. பிறகு மெல்ல மெல்ல அசைஞ்சம்.

கரையில துஷா ரெண்டு பேரையும் கட்டிப்பிடிச்சு அழுதாள், நானும் அழுதன். வள்ளத்தைக் கட்டி வைக்கத்தானே உருண்டை போட்டிருக்கு எண்டு நினைச்சன் எண்டார் அங்கிள். அந்த முடிச்சு இல்லாட்டில் வள்ளம் கோவைக்குக் கீழால நழுவியிருக்கும் எண்டு ரிஸ்வான் சொன்னான், அதால அதுக்கு ஏசவும் முடியேல்லை. நான் மற்றதுக்கு ஏசினன். ஏன் அங்கிள் வாறம் எண்டு சொன்னனீங்கள், போறம் எண்டு சொல்லியிருந்தால் ரிஸ்வான் மறிச்சிருப்பானே எண்டு கேட்டன். அங்கிள் போர்வைக்குள்ள நடுங்கிக்கொண்டு, எனக்கு ஒண்டும் தெரியாத மாதிரி என்னைப் பாத்துச் சொன்னார்: "நடுத் தண்ணிக்கை நிண்டுகொண்டு ஆராவது போறம் எண்டு சொல்லுவினமே பிள்ளை?"

இப்ப வள்ளத்தின்ர மூக்குக் கரைப்பக்கம் திரும்பினதைக் கண்ணால காணுமட்டும் எந்தத் தமிழன்ர 'வாறம்' எண்ட சொல்லையும் நாங்கள் நம்புறேல்லை, எண்டாலும் பின்னேரம் கொழுக்கியெல்லாம் நிறைஞ்சு கொட்டிலைப் பூட்டேக்க அந்தப் பாழ்படுவான் ஏரியைப் பாத்து நானும் அதைத்தான் சொல்லிப்போட்டு வெளிக்கிடுறன்.