பராக்சிஸ்மல் என்று எழுதிய துண்டு

என் அக்கா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். நான் ஹட்டன் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன்.

இரண்டு வருடமாக அக்காவுக்கு ஒரு தொல்லை. மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சு படபடவென்று அடிக்கத் தொடங்கும். கண் இருட்டும். அப்படியே செடி ஓரத்தில் உட்கார்ந்துவிடுவாள். தோட்டத்து டிஸ்பென்சரிக்கு நடந்துபோய்ச் சேர்வதற்குள் எல்லாம் அடங்கிவிடும். கையைப் பிடித்துப் பார்த்தால் நாடி ஒழுங்காக இருக்கும்.

"வேல செய்ய ஏலாட்டி சொல்லிரும்மா, எதுக்கு நடிக்கிற?" என்று, வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா ஒருநாள் எல்லாருக்கும் முன்னால் கேட்டுவிட்டார். வீட்டுக்கு வந்து அழுதாள். நான் ஆறுதல் சொன்னேனே தவிர, எனக்கும் உள்ளுக்குள் சந்தேகம்தான். அத்தான் கொழும்புக்கு வேலைக்குப் போனதிலிருந்து மனசு சரியில்லை, அதுதான் இப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

போன தைப்பொங்கலுக்குத் துணி எடுக்க இரண்டு பேரும் ஹட்டனுக்குப் போனோம். கடையில் சேலையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தவள், திடீரென்று என் கையை இழுத்துத் தன் கழுத்தில் வைத்தாள்.

"இப்ப பாரு."

என் விரலுக்கு அடியில் எண்ண முடியாத வேகத்தில் துடித்தது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அன்றைக்கு அது வழியில் அடங்கவில்லை. ஈசிஜி எடுத்த இளம் டாக்டரம்மா, "அடிக்கும்போதே வந்தது நல்லதாய்ப் போயிற்று" என்று சிங்களத்தில் சொன்னார். ஊசி போட்டதும் நெஞ்சு ஓய்ந்தது. அவர் எழுதித் தந்த துண்டுச் சீட்டில் முதல் சொல் 'பராக்சிஸ்மல்'.

"அப்படின்னா என்னா?" என்று பஸ்ஸில் அக்கா கேட்டாள்.

பதினைந்து வருடமாக ஆங்கிலம் படிப்பிக்கிற எனக்குத் தெரியவில்லை. போனில் தேடிப் பார்த்துச் சொன்னேன்.

"திடீர்னு வந்து திடீர்னு போறதுக்கு அந்தச் சொல்லு. கிரேக்க பாஷையிலருந்து வந்திருக்கு. கூராக்குறது, உசுப்பி விடுறதுன்னு மொதல்ல அர்த்தமாம். பொறகு, நோயி திடீர்னு ஏறுறதுக்கு வைத்தியருங்க சொல்லியிருக்காங்க."

"கத்திய கூராக்க நேரம் எடுக்குமே. இது சொல்லாம கொள்ளாம வருது," என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "தானா போயிரும்ங்கிறதும் அதுலயே இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு."

"அப்ப நான் சொன்னதத்தான் எழுதியிருக்காங்க."

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "நானும் உன்னய நம்பலக்கா," என்றேன்.

"தெரியும். நீ தண்ணி கொண்டாந்து நீட்டுற விதத்துலயே தெரியும்," என்றாள். குரலில் கோபம் இல்லை. வீட்டுக்கு வரும்வரை என் தோளில் சாய்ந்து தூங்கினாள்.

திங்கட்கிழமை காலை, அன்றன்றைய வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்துக்கு அந்தத் துண்டைக் கொண்டுபோனாள். அடியில் தமிழ் அர்த்தத்தை என்னிடம் எழுதி வாங்கியிருந்தாள். கண்டாக்கு ஐயா இரண்டு தரம் வாசித்தாராம். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. "செங்குத்தான மலைக்குப் போகாத. ரோட்டோரமா நில்லு," என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

இப்போது தினமும் மாத்திரை போடுகிறாள். அதற்குப் பிறகும் இரண்டு முறை வந்தது. டாக்டரம்மா சொல்லிக் கொடுத்தபடி உட்கார்ந்து, மூச்சை அடக்கி முக்கினாளாம், நின்றுவிட்டது. கூட வேலை செய்கிறவர்கள் அவள் எழும்பும்வரை பக்கத்திலேயே நின்றிருக்கிறார்கள். அடுத்த மாதம் மேல் பரிசோதனைக்குக் கண்டி ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அத்தான் லீவு கேட்டிருக்கிறார். கிடைக்காவிட்டால் நான் கூட்டிக்கொண்டு போவேன்.