தம்பியின் வண்டிக்குப் புதுச் செயின்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, திராட்சை அறுவடை தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்னால் நடந்தது இது. கம்பத்தில், பஸ் ஸ்டாண்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும் ஒரு டூவீலர் ஒர்க்‌ஷாப். வெள்ளிக்கிழமை காலை.

அதற்குச் சில மாதங்களுக்கு முன் என் தம்பி இறந்துபோயிருந்தான். காமயகவுண்டன்பட்டியில் எங்கள் திராட்சைத் தோட்டத்தை அவன்தான் பார்த்து வந்தான். ஒரு நாள் காலையில் பந்தலுக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை, குடிப்பழக்கம் இல்லை. இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். ஏன் என்று கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து வீடு திரும்பியதும், அம்மா எல்லோர் முன்னிலையிலும் தம்பி மனைவியைப் பார்த்து, "ஒரு நாளாச்சும் உக்கார விட்டியாடி அவன? ஓட விட்டே கொன்னுட்டியே" என்றார். அன்றிலிருந்து அவளிடம் நேராகப் பேசுவதில்லை. ஒரே வீடு, ஒரே அடுப்பு. "சாப்புடச் சொல்லு", "கதவச் சாத்தச் சொல்லு" என்று எல்லாமே பேரப்பிள்ளைகள் வழியாகத்தான் போகும். வருடப் பூசை முடியும்வரை அவன் பொருள் எதிலும் கை வைக்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தார்.

ஆனால் அவன் மோட்டார் சைக்கிளைச் சும்மா நிறுத்தி வைக்க முடியவில்லை. எங்கள் தோட்டம் பள்ளத்தில் இருக்கிறது. பழத்தை பிளாஸ்டிக் கிரேட்டுகளில் அடுக்கி, பின்னால் கட்டி, வண்டிப்பாதை மேட்டில் ஏற்றித்தான் ரோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். லாரி அங்கேதான் நிற்கும். தம்பி மனைவி அந்தப் பழைய வண்டியை ஓட்டக் கற்றுக்கொண்டாள். அம்மாவுக்கு அதுவும் பிடிக்கவில்லை.

ஒரு நாள் மதுரைக்கு எனக்கு போன் செய்தாள். "மதினி, மேட்டுல ஏறுறப்ப செயின் பல்லத் தாண்டுது. வண்டி பின்னாடி உருளுது. நேத்துக் கீழ விழப் பாத்தேன். மாத்தணும்னா அத்தை விட மாட்டேங்குறாக. நீங்க வந்து சொல்லுங்க."

போனேன். சொன்னேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் நாங்கள் கம்பத்துக்குக் கிளம்பியதும், நானும் வருகிறேன் என்று என்னோடு டவுன் பஸ்ஸில் ஏறிவிட்டார். தம்பி மனைவி வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு எங்களுக்குப் பின்னால் வந்து சேர்ந்தாள்.

மெக்கானிக்குத் தம்பியை நன்றாகத் தெரியும். எங்களுக்கு நாற்காலி போட்டுவிட்டு வேலையைத் தொடங்கினார். பின்சக்கரத்தில் செயினைப் பிடித்து இழுத்ததும், அது பல்லை விட்டு விரல் நுழையும் அளவு எழும்பி வந்தது. இடது பக்க மூடியைக் கழற்றினார். உள்ளே கிரீஸும் மண்ணும் சேர்ந்து கருப்பாக இறுகிக் கிடந்தன. அதைச் சுரண்டி எடுத்த பிறகு முன் ஸ்பிராக்கெட், செயினை இழுக்கும் பல்சக்கரம், தெரிந்தது. பற்கள் எல்லாம் தேய்ந்து கூராகி, ஒரே பக்கமாகக் கொக்கி போல வளைந்திருந்தன.

"அண்ணன் சின்னதுல்ல போட்டிருந்தாக" என்றார் மெக்கானிக். "கம்பெனில வர்றத விட ஒரு பல்லு கம்மி. இழுவை நல்லா இருக்கும். மேட்டுக்கு லோடு ஏத்துறவுக இப்படித்தேன் போடுவாக. இப்ப செட்டா வாங்குனா கம்பெனி சைஸ்தேன் வரும். சின்னதுதேன் வேணும்னா தேனிக்குச் சொல்லி விடணும்."

"அவன் என்ன போட்டிருந்தானோ அதையே போடு. தேனிக்குச் சொல்லி விடு" என்றார் அம்மா.

"கம்பெனி சைஸே போடுங்கண்ணே" என்றாள் தம்பி மனைவி.

மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் செயினைப் பார்த்தேன். அந்த நேரம் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "ஜும்மாவுக்குப் போயிட்டு வந்துர்றேன். அதுக்குள்ள பேசி வைங்க. வண்டிய மட்டும் எடுத்துட்டுப் போயிராதீக" என்றார். செயினையும் முன் ஸ்பிராக்கெட்டையும் கழற்றித் தரையில் போட்டிருந்தார். யாரும் சிரிக்கவில்லை.

மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்ததால், நடுவில் தூது போக நான்தான் இருந்தேன்.

"அவளுக்கு எதுக்கு இம்புட்டு அவசரமாம்? கேளு" என்றார் அம்மா. "அவன் போட்டதத் தூக்கி எறியணும். அம்புட்டுத்தேன?"

நான் கேட்பதற்குள் தம்பி மனைவி நேராக அம்மாவைப் பார்த்துப் பேசினாள். குரல் உயரவில்லை.

"அத்தை, எல்லாப் பழத்தையும் ஒரே நடையில ஏத்தணும்னுதேன் அவுக அதைப் போட்டாக. ரெண்டு நடையா ஏத்துங்க, இடையில செத்த நேரம் உக்காருங்கன்னு நான் அப்பவே சொன்னேன். கேக்கல. அது வண்டில கிடந்துச்சுன்னா எனக்கும் அந்தப் புத்திதேன் வரும். அவுக ஏத்துன பாரத்த நான் ஏத்த மாட்டேன். எனக்கும் ஏதாச்சும் ஆயிட்டா புள்ளைகளுக்கு யாரு இருக்கா?"

அம்மா சேலைத் தலைப்பின் நுனியை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தார். உட்காரச் சொல்லி அவள் கெஞ்சியிருக்கிறாள் என்பது எனக்கும் அன்றுதான் தெரியும்.

மெக்கானிக் திரும்பி வந்தார். அம்மா குனிந்து, தரையில் கிடந்த தேய்ந்த ஸ்பிராக்கெட்டை எடுத்தார். கையெல்லாம் கருப்பாகியது.

"ஏய்யா, ஓடும்போது இந்தச் செயின் அறுந்தா என்னாகும்?"

"பின்சக்கரத்துல சிக்குச்சுன்னா அப்படியே பூட்டிக்கிரும் ஆத்தா. ஆளத் தூக்கி வீசிரும். அண்ணனுக்கு நல்ல நேரம், அறுகல." சொல்லிவிட்டு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அப்படிச் செத்திருந்தான்னா, இதுதேன் என் புள்ளையக் கொன்னுச்சுன்னு இத மடியில வச்சு அழுதிருப்பேன்" என்றார் அம்மா. "எனக்கு அதுவும் இல்லாமப் போச்சு."

தம்பி மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தெருவில் யாரோ பழைய பேப்பர் கேட்டுக் கூவிக்கொண்டு போனார். கொஞ்ச நேரம் கழித்து மெக்கானிக் தயங்கியபடி, "எதப் போடட்டும் ஆத்தா?" என்றார்.

"ஓட்டுறவளக் கேளு."

கம்பெனி சைஸே போட்டார்கள். முன் பல்சக்கரம், பின் பல்சக்கரம், செயின் மூன்றும் புதுசு. அம்மா கையிலிருந்த பழையதை மெக்கானிக் மெதுவாக வாங்கி, ஓரத்தில் இருந்த இரும்புப் பெட்டியில் போட்டார். அது விழுந்த சத்தத்துக்கு அம்மா ஒருமுறை திரும்பிப் பார்த்தார். வேண்டும் என்று கேட்கவில்லை.

தம்பி மனைவி வண்டியைக் கிளப்பி, பின் சீட்டைத் துடைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றாள். அம்மா அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, வெளியே பார்த்தபடி, "ரெண்டு நடைன்னா அவளுக்கு வெயில் ஏறிருமே" என்றார். என்னிடம் சொன்னது போல் இல்லை.

அடக்கத்தன்று சொன்ன பழியை அம்மா இன்றுவரை திரும்பப் பெறவில்லை. இப்போது "சாப்புட்டியா" என்று நேராகக் கேட்கிறார். அதற்கு மேல் இல்லை. தம்பி மனைவியும் எதையும் எதிர்பார்ப்பதாகத் தெரியவில்லை. பழத்தை இரண்டு நடையாகவே ஏற்றுகிறாள்.

நான் மதுரையில் ஒரு நாளிதழில் பல வருடங்கள் விபத்துச் செய்திகளைத் திருத்தியவள். யார், எங்கே, எப்போது என்பதோடு, எதனால் என்ற வரியும் இருக்கிறதா என்று பார்ப்பேன். இல்லையென்றால் நிருபரிடம் திருப்பி அனுப்புவேன். எதனால் என்று சொல்ல ஒன்றுமே இல்லாத சாவு ஒரு வீட்டில் நடந்தால், அந்த வரியில் எழுத அந்த வீட்டுக்குள்ளிருந்தே ஒருத்தியைப் பிடித்துவிடுவார்கள் என்பதும், அவளும் எல்லோரையும் போலவே அவனை இழந்தவள் என்பதை அப்புறம் யாரும் நினைப்பதில்லை என்பதும் எனக்கு அந்த ஒர்க்‌ஷாப்பில்தான் தெரிந்தது.