வெங்காய மூட்டைக்கு நின்ற பஸ்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, குன்னம் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. வக்கீல், சமூகப் பணி, தொழிலாளர் நலம் என்று மக்களுக்காகப் பேசுகிற வேலைக்குப் போக விரும்பும் பிள்ளைகளுக்காக அங்கே ஒரு தனி வகுப்பு இருந்தது. சமூகநீதி வகுப்பு என்போம். டாக்டர், இன்ஜினீயர் கனவில் இருந்தவர்கள் எங்களை 'போராட்டக் கோஷ்டி' என்று கிண்டல் செய்வார்கள். நாங்களும் மறுத்ததில்லை.

அந்த வகுப்பில் அவ்வப்போது மாதிரி விசாரணை நடக்கும். சுற்றுவட்டாரப் பிரச்சினை ஒன்றை எடுத்துக்கொண்டு இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடுவோம். மூன்று மாணவர்கள் நீதிபதிகள். ஒரே ஒரு விதி உண்டு. பிரச்சினை யாருடையதோ, அவர் எதிர்த்தரப்புக்குத்தான் வாதாட வேண்டும். தன் நியாயம் எல்லோருக்கும் தெரியும், எதிராளி என்ன சொல்வான் என்பதுதான் தெரியாது என்பது எங்கள் டீச்சரின் கணக்கு.

அந்த முறை வந்தது எங்கள் தெருவின் பஸ் பிரச்சினை.

எங்கள் தெரு ஊரைவிட்டுத் தள்ளி, ரோட்டோரமாக இருக்கிறது. காலனி என்பார்கள். ஏன் தள்ளி இருக்கிறது என்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. டவுன் பஸ் எங்களைத் தாண்டிப் போய் ஊருக்குள்தான் நிற்கும். இறங்கி, ஆள் உயர மக்காச்சோளக் கொல்லைகளுக்கு நடுவே திரும்பி நடக்க வேண்டும். எனக்கு அது பழகிப்போன எரிச்சல். ஆனால் தங்கை அப்போது பத்தாவது. அடுத்த வருடம் நான் காலேஜுக்குப் போய்விட்டால் அவள் தனியாக நடக்க வேண்டும். அம்மா தீர்மானமாகச் சொல்லிவிட்டார்.

"பஸ்ஸு நம்ம தெருவுல நின்னா பிளஸ் ஒன் போவட்டும். இல்லன்னா பத்தாவதோட போதும். எங்கூட பருத்தி எடுக்க வரட்டும்."

விதிப்படி நான் பஸ்காரர்களின் வக்கீல் ஆனேன். டிரைவரிடமே போய்க் கேட்டேன்.

"அங்க ஸ்டாப் போர்டு இல்ல பாப்பா. ஊர் ஸ்டாப்பும் கிட்டக்கவே இருக்கு. நின்னு நின்னு போனா டைம் ஆயிடும்" என்றார். பிறகு கண்டக்டர் காதில் விழாதபடி, "நிறுத்துனா ஊர்ல நாலு பேரு கேக்குறாங்க. நான் என்ன பண்றது, சொல்லு?" என்றார்.

அந்தக் கடைசிக் காரணத்தை நான் எங்கேயும் சொல்லவில்லை. அவரை மாட்டிவிட மனம் வரவில்லை. தவிர, இந்த நாலு பேருக்கு எப்போதும் பெயர் இருப்பதில்லை.

விசாரணையில் மற்ற மூன்றையும் வரிசையாக அடுக்கினேன். போர்டு இல்லை, தூரம் குறைவு, நேரம் ஆகும். எனக்கு ஒரே ஒரு பயம்தான். இதே பஸ் காலையில் ஊர்க்காரர் ஒருவரின் வெங்காயக் கொல்லை ஓரத்தில் நிற்கும். அங்கே போர்டும் கிடையாது, ஸ்டாப்பும் கிடையாது. மூட்டை ஏறி முடிகிறவரை யாருக்கும் அவசரமும் கிடையாது. அதை ஒருவர் எடுத்துவிட்டால் என் வாதம் அவ்வளவுதான். யாரும் எடுக்கவில்லை. அந்த பஸ்ஸில் வருகிறவள் வகுப்பில் நான் ஒருத்திதான். தீர்ப்பு பஸ் பக்கம். எல்லோரும் கைதட்டினார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

வீட்டு வாசலில் தங்கை காத்திருந்தாள்.

"யாருக்கா ஜெயிச்சா?"

"நான்தான்."

"அப்ப பஸ் நிக்குமா?"

"நிக்காது."

"அப்புறம் என்னத்த ஜெயிச்ச?"

உள்ளே போய்விட்டேன். வெட்கமாக இருந்தது.

அடுத்து வந்த மனு நாளுக்கு அம்மாவோடு பெரம்பலூர் கலெக்டர் ஆபீஸுக்குப் போனேன். எங்கள் முறை வந்ததும், அங்கிருந்த அதிகாரி போக்குவரத்துத் துறைக்காரரைக் கூப்பிட்டு விசாரித்தார். அவர் சொன்னார், போர்டு இல்லை, தூரம் குறைவு, நேரம் ஆகும். நான் அடுக்கிய அதே வரிசை. ஒன்றை மறந்திருந்தால் நானே எடுத்துக் கொடுத்திருப்பேன்.

"சார், காலைல வெங்காயக் கொல்லைகிட்ட பஸ் நிக்குதுங்க. அங்கயும் போர்டு இல்லீங்க. மூட்டை ஏத்துறவரைக்கும் டைம் இருக்குதுங்க. மூட்டைக்கு நிக்கிற பஸ்ஸு எங்களுக்கு நிக்காதுங்களா?" என்றேன்.

மூட்டைக்கு லக்கேஜ் டிக்கெட் உண்டு, பெண்களுக்குத்தான் பஸ் இலவசமாயிற்றே என்று துறைக்காரர் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். அவர் கையிலிருந்த ஃபைலைப் புரட்டினார். அதிகாரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "பார்த்துச் செய்யுறோம் சார்" என்றார் துறைக்காரர் கடைசியில்.

அந்த வார்த்தையை நம்பி யாரும் உலை வைக்க மாட்டார்கள். நாங்களும் வைக்கவில்லை. ஆனால் பத்தாவது ரிசல்ட் வருவதற்குள் பஸ் எங்கள் தெருவில் நின்றது. சில நாள் கொஞ்சம் தள்ளி நிறுத்துவார்கள், ஓடிப்போய் ஏற வேண்டும். தங்கை இப்போது பிளஸ் டூ. நன்றாகவே ஓடுகிறாள்.

நான் திருச்சியில் சட்டம் படிக்கிறேன். இங்கேயும் மாதிரி விசாரணைகள் உண்டு, கைதட்டலும் உண்டு. ஒவ்வொரு முறையும் 'அப்ப பஸ் நிக்குமா?' என்று அவள் கேட்டதுதான் முதலில் காதில் விழுகிறது. அதற்கு 'நிக்கும்' என்று சொல்ல முடியாத எதையும் ஜெயித்ததாக என்னால் நினைக்க முடிவதில்லை.