நான் வெட்டிய எட்டு வரி

அந்தக் கட்டுரையின் கடைசிப் பத்தியை நான் வெட்டியது ஒரு வியாழக்கிழமை மாலை நாலேகால் மணிக்கு. நேரம் நினைவிருக்கக் காரணம் உண்டு. நாலரைக்குப் பக்கம் அச்சுக்குப் போக வேண்டும். நாலு மணிக்கு ஒரு நகைக்கடை விளம்பரம் வந்து சேர்ந்தது. ஞாயிறு இணைப்பின் மருத்துவப் பக்கம் அப்போது என் பொறுப்பு. கட்டுரை எட்டு வரி மிஞ்சியது.

பத்திரிகையில் இடம் போதாவிட்டால் கீழிருந்து வெட்டுவோம். செய்தியாளர்கள் முக்கியமானதை முதலில் எழுதுவார்கள் என்ற நம்பிக்கையில் வந்த வழக்கம் அது. இந்தக் கட்டுரையை எழுதியவர் தோல் மருத்துவர். நோயாளி எழுந்து கதவருகே போன பிறகு கூப்பிட்டு ஒன்று சொல்வார்களே, அப்படி முக்கியமானதைக் கடைசியில் வைத்திருந்தார். நான் அதைப் படித்துவிட்டுத்தான் வெட்டினேன்.

அச்சில் வந்த பகுதியில் தவறு எதுவும் இல்லை. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் தோலின் உயிரணுக்களைக் கெடுக்கும். கறுத்த தோலில் உள்ள நிறமி அதை ஓரளவு தடுக்கும். அதனால் தோல் புற்றுநோய் வெள்ளைக்காரர்களை விட நமக்குக் குறைவு. ஆனாலும் உச்சி வெயிலில் வேலை செய்பவர்கள் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் போட வேண்டும், வெல்டிங் செய்பவர்கள் முகத்தையும் கையையும் மூடிக்கொள்ள வேண்டும். தலைப்பு மட்டும் மருத்துவருடையது அல்ல, என்னுடையது: ‘நம் கறுப்பே நமக்குக் கவசம்’. நாலு சொல், ஒரே வரி. ஆசிரியர் குழுவில் பாராட்டினார்கள்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு மாமா போன் செய்தார். மாமா என்றால் என் அக்காவின் கணவர். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் கம்பி மில்லில் வேலை.

“இன்னா மச்சான், நம்ம கலருக்கு நீயே கேரண்டி கார்டு குத்துட்ட! உங்க அக்கா இனிமே என்னைக் கருவாயான்னு கூப்புட்டா உன் பேப்பரைக் காட்டுவேன்.”

பின்னால் அக்காவின் குரல் கேட்டது: “காட்டு, காட்டு. கேரண்டி இருந்தா மட்டும் வெளுத்துருவியா?”

நான் பார்க்கும் பக்கத்தை அக்கா கத்தரித்து பீரோக் கதவின் உட்பக்கம் ஒட்டிவைப்பாள். அதில் என் பெயர் இருக்காது. இருந்தாலும் ஒட்டுவாள். இதையும் ஒட்டினாள்.

மாமாவின் இடது காலைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன், உருளைகளுக்கு நடுவிலிருந்து சிவக்கச் சிவக்க வந்த கம்பி தடம் மாறித் துள்ளி, அந்தக் காலைச் சுற்றிக்கொண்டது. தொடைத் தோலை எடுத்து ஒட்டினால் நல்லது என்று அப்போதே ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மறுபடி கத்தியா என்று மாமா பயந்து வந்துவிட்டார். புண் தானாக மூட ஐந்து மாதம் ஆனது. முழங்காலுக்கு ஒரு சாண் கீழே தொடங்கிக் கணுக்கால் வரை தழும்பு. சூட்டில் சுருங்கிய பாலிதீன் போல இழுத்துக்கொண்டு பளபளக்கும். வீட்டில் அவர் லுங்கியை மடித்துக் கட்டுவார் என்பதால், அக்கா கல்யாணமான நாளிலிருந்து அந்தத் தழும்பை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பத்தியை வெட்டியபோது அந்தக் கால் நினைவுக்கு வந்ததா என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். வரவில்லை. வந்திருந்தாலும் விளம்பரத்தைச் சிறிதாக்கச் சொல்லிச் சண்டை போட்டிருப்பேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

இவ்வளவோடு நின்றிருந்தால் அதைத் தொழில் தவறு என்று சொல்லிக்கொள்ளலாம். ஓராண்டு கழித்து இன்னொரு ஞாயிற்றுக்கிழமை, நான் குடியிருக்கும் வேப்பம்பட்டிலிருந்து ரயில் பிடித்து, பேசின் பிரிட்ஜில் மாறி, அக்கா வீட்டுக்குப் போனேன். மாமா காலில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தார். தழும்பின் கீழ்ப்பக்கத்தில் எட்டணா அளவு புண். ஓரம் தடித்து மேலே எழும்பியிருந்தது.

“இன்னா மாமா இது?”

“பூட்ஸு ஒரசினது. ரெண்டு மாசமா பேஜாரு பண்ணுது. வலியே கெடையாது. மெடிக்கல்ல களிம்பு வாங்கித் தடவிக்கினு கீறேன்.”

எட்டு வரியும் அந்த நொடியில் நினைவுக்கு வந்தன. நிறுத்தற்குறி உட்பட வந்தன.

“ஒருவாட்டி பெரிய ஆஸ்பத்திரில காட்டிடலாமே,” என்றேன்.

அவர் பீரோப் பக்கம் கையை நீட்டினார். “கேரண்டி கார்டு உள்ள கீது மச்சான். நீயே பேப்பர்ல போட்டுட்டு நீயே பயப்படுறியே!”

எல்லோரும் சிரித்தோம். நானும்தான். அந்தக் கட்டுரை முழுதாக வரவில்லை, மிச்சத்தை நான் எடுத்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் போதும். அக்கா மீன் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். “எதுக்கும் காட்டிடுங்க” என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டுச் சாப்பிட்டேன். மாலை நாலு மணி வண்டியில் திரும்பினேன். அதன் பிறகு போனில் “கால் எப்படி இருக்கு?” என்று கேட்பேன். “அப்படியேதான் கீது” என்பார். அந்தப் பதிலில் நிம்மதி அடைய நான் பழகிக்கொண்டேன்.

ஆறு மாதம் கழித்து அக்கா அழைத்தாள். புண்ணில் நாற்றம் வருகிறது, தொட்டால் ரத்தம் வருகிறது என்றாள். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்கு மூவரும் போனோம். இளம் பெண் மருத்துவர் துணியைப் பிரித்ததும் கேட்டார்: “பழைய தீக்காயமா? புண் எத்தனை மாசமா இருக்கு?”

“எட்டு மாசம்,” என்றாள் அக்கா.

“எட்டு மாசம் என்னம்மா பண்ணீங்க?”

“நான்தான் மேடம் கவனிக்கல. தெனம் துணி தொவைச்சவ நான்தான். எனக்குத் தெரிஞ்சிருக்கணும்.” முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். நான் ஒரு அடி தள்ளி ஆஸ்பத்திரிச் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்ததில் புற்றுநோய் என்று வந்தது. பழைய தழும்பில், ஆறாத புண்ணில் வரும் வகை. சீக்கிரம் வந்திருந்தால் சுற்றிலும் வெட்டியெடுத்துத் தோல் ஒட்டியிருக்கலாம் என்றார்கள். ஸ்கேனில் எலும்பைத் தொட்டிருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

பத்திரிகையில் திருத்தம் போடலாமா என்று கேட்டுப் பார்த்தேன். வெளியானதில் பிழை இல்லாதபோது எதைத் திருத்துவது என்றார் ஆசிரியர். அவர் சொன்னதும் சரி.

காலை எடுத்து இரண்டு மாதம் ஆனபின், மருத்துவர் அனுப்பியிருந்த மூலக் கட்டுரையை அச்செடுத்துக்கொண்டு போனேன். மாமா கட்டிலில் சாய்ந்திருந்தார். அக்கா முறத்தில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொல்லிவிட்டு அந்தப் பத்தியை வாசித்தேன்:

“கடைசியாக ஒன்று. தோல் புற்றுநோய் வெயில் படும் இடத்தில் மட்டும் வருவதல்ல. பழைய தீக்காயத் தழும்பு, நாள்பட்ட புண், உள்ளங்கால், நகத்தின் அடி ஆகிய இடங்களிலும் வரும். தழும்பில் புதிதாக வந்த புண் மூன்று நான்கு வாரத்தில் ஆறாவிட்டால், வலி இல்லாவிட்டாலும், களிம்பு தடவிக் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். நிறத்தை நம்பியவர்கள்தான் எங்களிடம் காலம் கடந்து வருகிறார்கள்.”

மாமா அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். “இதைப் போட்டிருந்தா மட்டும் நான் படிச்சிருப்பனா? நான் தலைப்பு மட்டும்தான் மச்சான் படிச்சேன்.”

ஆறுதலாகத்தான் சொன்னார். தலைப்பு நான் வைத்தது என்று அவருக்குத் தெரியாது. அதையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

அக்கா முறத்தைக் கீழே வைத்தாள். “அன்னிக்கு மீன் கொழம்பு சாப்ட வந்தியே, அப்பவே உனக்கு இது தெரியுமா?”

“தெரியும்.”

“ஆஸ்பத்திரில நான் அழுதப்போ பக்கத்துலதான நின்னுக்கினு இருந்தே?”

“ஆமாக்கா.”

முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. பேப்பர் கிழியும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. பீரோ மூடும் சத்தம்தான் வந்தது.

நோய் பரவித் தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்று பார்க்க மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார்கள். மாமாதான் என்னைக் கூப்பிட்டார். போன மாதம் போனோம். அக்கா எனக்கும் தனக்கும் நடுவில் ஒரு நாற்காலி விட்டு, அதில் ஊன்றுகோலைச் சாய்த்து வைத்திருந்தாள். அன்று வேறொரு மருத்துவர். கேஸ் சீட்டைப் புரட்டியவர் அதே கேள்வியைக் கேட்டார்: “எட்டு மாசம் ஏன் லேட் பண்ணீங்க?”

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். வீட்டில் அன்று எழுந்து போன பிறகு அவள் என்னை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

“முதல் ரெண்டு மாசம் அவங்களுக்குத் தெரியாது. அடுத்த ஆறு மாசம் எனக்குத் தெரிஞ்சும் நான் சொல்லல,” என்றேன்.

மருத்துவர் தலை நிமிராமல் கேட்டார்: “நீங்க பேஷண்டுக்கு என்ன வேணும்?”

“மச்சான்,” என்றார் மாமா, நான் வாய் திறப்பதற்குள்.

மருத்துவர் அதை எழுதிக்கொண்டார்.